எலிக்கு ஆறிய சொரியாசிஸ் நமக்கும் ஆறுமா?

செதில் உதிரும் நாள்பட்ட தோல் நோயான சொரியாசிஸ் உள்ளவர்கள் கைப்பேசியை நீட்டி அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டாக்டர், இந்த எண்ணெயை எலிக்குத் தடவிப் பார்த்தாங்களாம், ஒரே வாரத்துல சரியாயிடுச்சாம். நானும் போட்டுக்கலாமா?" செய்தி பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஏதோ ஓர் ஆய்வகத்தில் எலிக்குச் சரியாகித்தான் இருக்கும். ஆனால் அந்த எலிக்குச் சொரியாசிஸ் எப்படி வந்தது என்பதைச் செய்தி சொல்வதில்லை. தோல் மருத்துவராக நான் முதலில் விளக்குவது அதைத்தான்.

சுண்டெலிக்கு நமக்கு வருவது போன்ற சொரியாசிஸ் தானாக வராது, வரவழைக்க வேண்டும். அதற்கு இன்று அதிகம் பயன்படுவது இமிக்விமாட் களிம்பு. பிறப்புறுப்பு மருக்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் அதே 5 சதவீதக் களிம்புதான். வேறு காரணத்துக்காக அதைப் பூசிய சொரியாசிஸ் நோயாளிகள் சிலருக்குப் படை திடீரென்று அதிகமானதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆய்வாளர்கள் எலியின் முதுகு முடியை மழித்துவிட்டு, தினமும் இதைப் பூசிப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே தோல் சிவந்து, தடித்து, செதில் விட்டது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் சொரியாசிஸ் சாயல்தான். அழற்சியைத் தூண்டும் புரதங்களான இன்டர்லூகின்-23, இன்டர்லூகின்-17 ஆகியவற்றின் பாதை வேலை செய்யாதபடி மரபணு மாற்றிய எலிகளில் மட்டும் அது அவ்வளவாக வரவில்லை.

இது சின்ன விஷயமில்லை. இன்று நாங்கள் போடும் செக்குகினுமாப், குசெல்குமாப் ஊசிகள் அடைப்பது இதே பாதையைத்தான். நோயின் ஒரு கண்ணியை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க எலி உதவுகிறது. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் களிம்பை நிறுத்திவிட்டால், அந்த எலியின் தோல் எந்த மருந்தும் இல்லாமலே கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். நம் நோயாளிகளோ இதனுடன் வருடக்கணக்கில் போராடுகிறவர்கள். அப்புறம், இப்படிப்பட்ட சோதனைகள் பலவற்றில் இமிக்விமாட் பூச ஆரம்பிக்கும் அன்றே, சில சமயம் அதற்கு முன்பே, சோதனை மருந்தையும் ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படியானால் அந்த எண்ணெய் வந்த நோயை ஆற்றவில்லை, வரவிருந்த அழற்சியைக் குறைத்திருக்கிறது. எண்ணெய்ப் படலம் களிம்பைத் தோலுக்குள் இறங்கவிடாமல் தடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. எலி முதுகின் மேல்தோலும் இரண்டு மூன்று செல் அடுக்குதான். நம்முடையது அதைவிடத் தடிமன்.

மூலிகை ஆய்வுகளில் 'எலி வால் சோதனை' என்று ஒன்றும் வரும். இதில் எலிக்கு நோயே கிடையாது. ஆரோக்கியமான வாலின் செதில் பகுதியில் மருந்தைப் பூசி, அங்கே இயல்பாக இல்லாத ஓர் அடுக்கு உருவாகிறதா என்று பார்ப்பார்கள். முதற்கட்டத் தேர்வுக்குச் சரி. 'சொரியாசிஸைக் குணப்படுத்தும்' என்று டப்பாவில் அச்சிட அது போதாது.

ஒவ்வாமையோடு வரும் அரிப்புத் தோல் நோயான அடோபிக் எக்ஸிமா பற்றிய ஆய்வில் எனக்குப் பிடித்தது ஜப்பானின் என்சி/என்ஜிஏ எலி. கிருமிகளை விலக்கிய கூண்டில் வளர்ந்தால் அதன் தோல் நன்றாகவே இருக்கிறது. சாதாரணக் கூண்டில் விட்டால் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறது, ரத்தத்தில் ஒவ்வாமைக்கான எதிர்ப்புரதமான ஐஜிஇ ஏறுகிறது. பரம்பரை இருந்தாலும் சுற்றுச்சூழல் சேர்ந்தால்தான் நோய் வெளிப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

எக்ஸிமாவைப் பொறுத்தவரை எலியைவிட நாய் நமக்கு நெருக்கம். வீட்டுத் தூசியில் இருக்கும் அதே நுண்ணிய பூச்சிகளால், அதே வீட்டில், நாய்க்கு இந்த நோய் தானாகவே வருகிறது. பாதத்தை நக்கும், அக்குளைச் சொறியும். அரிப்பைத் தூண்டும் இன்டர்லூகின்-31 என்ற புரதம் அதிகம் சுரக்கும் எலிகள் தாங்க முடியாத அரிப்பால் தோலைப் புண்ணாக்கிக்கொள்வதை 2004இல் கண்டார்கள். பிறகு அந்தப் புரதத்தை அடைக்கும் லோகிவெட்மாப் ஊசி நாய்களுக்கு வந்தது. அதே அரிப்புப் பாதையை, அந்தப் புரதம் வந்து ஒட்டும் ஏற்பியில் அடைக்கும் நெமோலிசுமாப், 2022இல் ஜப்பானில் மனிதர்களுக்கும் அனுமதி பெற்றது. ஒரு விலங்கோடு நிற்காமல், கடைசியில் மனிதர்களிடமும் முறையாகச் சோதித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள்.

அதனால் எலிச் செய்தியைக் கொண்டுவருகிறவர்களை நான் விரட்டுவதில்லை. நோயை எப்படி வரவழைத்தார்கள், மருந்தை எப்போது ஆரம்பித்தார்கள், மனிதர்களிடம் சோதித்தார்களா, எத்தனை மாதம் கவனித்தார்கள் என்று சேர்ந்தே படித்துப் பார்ப்போம். எண்ணெய் சருமத்தை மிருதுவாக வைத்தால், எரிச்சல் தராவிட்டால், மருந்துகளோடு சேர்த்துப் பூசிக்கொள்ளட்டும். சொரியாசிஸுக்கு நாங்கள் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம். சொரியாசிஸ் சிலருக்கு மூட்டுகளையும் தாக்கும். களிம்பு பூசி ஒரு வாரம் பார்க்கும் அந்தச் சோதனை, நம் நோயாளிகளின் மூட்டுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. காலையில் விரல்கள் விறைத்துக்கொள்கிறவர்கள், குதிகால் வலிக்கிறவர்கள் எண்ணெயைத் தேடும் முன் வந்து காட்டுங்கள். சொரியாசிஸால் அரிக்கப்பட்ட மூட்டு பழையபடி ஆவதில்லை.