இதயம் தயார், எலும்பு தயாரில்லை: ராணுவ அகாடமியில் சேரும் பனிச்சறுக்கு வீரர்களுக்கு

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் வளர்ந்த ஒருவர் ராணுவ அகாடமியில் சேர்ந்தால், முதல் வாரத்து ஓட்டத்திலேயே மற்றவர்களை முந்திவிடுவார். பயிற்றுநர்கள் கவனிப்பார்கள், பாராட்டும் கிடைக்கும். இரண்டு மூன்று மாதம் போனதும் அதே கேடட் முழங்காலுக்குக் கீழே வலி என்று சிகிச்சைக்கு வந்து நிற்பார். விளையாட்டு வீரர்களுக்குப் பிசியோதெரபி செய்யும் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய காயம் இது. விவரம் தெரியாமல் போவதால்தான் வருகிறது.

கிராஸ் கன்ட்ரியில் கால் தரையில் மோதுவதே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. கைகளும் கோலை ஊன்றித் தள்ளுவதால் உடம்பின் பெரிய தசைகள் எல்லாமே ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்கின்றன. அதனால் இந்த வீரர்களின் இதயமும் நுரையீரலும் வேறு விளையாட்டுகளில் எளிதில் காணமுடியாத அளவுக்கு வளர்கின்றன. உலகத் தரத்தில் இருக்கும் ஆண் வீரர்கள் உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 80 மில்லிலிட்டருக்கும் மேல் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே முன்புறம் இருக்கும் கணைக்கால் எலும்புக்கும் பாதத்து எலும்புகளுக்கும் மோதலைத் தாங்கிப் பழக்கம் குறைவு. அகாடமியில் நடப்பதோ பூட்ஸ் போட்ட ஓட்டம், முதுகில் சுமையோடு நெடுநடை, கெட்டியான தரையில் அணிவகுப்பு. இதயம் ‘இன்னும் ஓடலாம்’ என்கிறது, எலும்பு அதற்குத் தயாராக இல்லை. உடற்தகுதி குறைந்த கேடட்டை மூச்சிரைப்பே நிறுத்திவிடும். பனிச்சறுக்கு வீரருக்கு அந்தத் தடுப்பு இல்லாததால், வலி வரும்வரை ஓடிக்கொண்டே இருப்பார்.

புது அழுத்தம் வரும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைக்கிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், புதிதாகக் கட்டி உறுதியாக்க மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. பயிற்சியின் ஆரம்ப வாரங்களும் அதே சமயத்தில்தான் வருகின்றன. ராணுவத்துக்கு இது புதிய சங்கதியும் இல்லை. 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாதத்து எலும்பில் விழும் மெல்லிய விரிசல் என்று தெரிந்தது.

சாதாரணத் தசை வலியையும் இந்த விரிசலையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் எரிச்சலடைந்திருக்கிறது. சுமையைக் குறைத்தால் அடங்கிவிடும். விரல்நுனி அளவு ஒரே இடத்தில் சுளீரென்று வலித்து, ஓட ஓடக் கூடி, ராத்திரி படுத்திருக்கும்போதும் குடைந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு அகாடமி மருத்துவரைப் பாருங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், விரிசல் ஆரம்பத்தில் அதில் பிடிபடுவதில்லை. வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மடிப்பில் ஆழமாக வலித்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் முற்றினால் அறுவை சிகிச்சை வரை போகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

சரி, பனிச்சறுக்குப் பயிற்சியை எப்படித் தொடர்வது?

சிகிச்சைக்கு வருபவர்களிடம் முதலில் அவர்களுடைய பயிற்சி நாட்குறிப்பைக் கேட்பேன். அதில் ரோலர் ஸ்கீ (பனி இல்லாதபோது சாலையில் ஓட்டும் சக்கரம் வைத்த ஸ்கீ), கடினமும் மெதுவும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சி, எடைப் பயிற்சி எல்லாம் அழகாக எழுதியிருக்கும். காலை உடற்பயிற்சி, அணிவகுப்பு, சுமை நடை, இரவுக் காவல் எதுவுமே இருக்காது. ‘அதெல்லாம் டியூட்டிதானே, பயிற்சி இல்லையே’ என்பார்கள். உடம்புக்கு இந்தக் கணக்கு தெரியாது. முன்னணி வீரர்கள் ஆண்டுக்கு 750 முதல் 950 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள் என்றால், அந்த மணி நேரங்களில் மிகப் பெரும்பகுதி பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில் போகிறது. மீதி நேரம் தூக்கமும் சாப்பாடும். பழைய அட்டவணையை அப்படியே அகாடமி நாளின் மேல் ஏற்றினால், மெதுவான பயிற்சியும் ஓய்வும்தான் முதலில் காணாமல் போகும். எல்லா நாளும் நடுத்தரக் கடினமாகிவிடும். வேகமும் வளராது, களைப்பும் தீராது.

என் கருத்து இதுதான்: அகாடமியின் முதல் பருவத்தில் வளர்ச்சிக்கு ஆசைப்படாமல், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். அதற்கு நினைப்பதைவிடக் குறைவான பயிற்சியே தேவைப்படுகிறது. 1980களில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சனும் குழுவினரும் செய்த ஆய்வுகளில், வாரத்துக்கு 6 நாள் கடும் பயிற்சி செய்தவர்கள் 2 நாளாகக் குறைத்த பிறகும் 15 வாரம் வரை ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனை இழக்கவில்லை. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் திறன் சரிந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் உச்ச நிலை வீரர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது: நாட்களைக் குறைக்கலாம், தீவிரத்தை விடக்கூடாது.

ஆகவே வாரத்துக்கு இரண்டே முக்கியப் பயிற்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நன்றாக மூச்சிரைக்கும் இடைவெளிப் பயிற்சி. 4 நிமிடம் கடினம், 3 நிமிடம் மெதுவாக, இப்படி 4 சுற்று. இதை ஓட்டமாகச் செய்யாதீர்கள், ஓட்டம் அகாடமியே வேண்டிய அளவு தருகிறது. ரோலர் ஸ்கீயிலோ கோல் ஊன்றும் அசைவைத் தரும் உள்ளரங்க இயந்திரமான ஸ்கீ எர்கோமீட்டரிலோ டபுள் போலிங்காகச் செய்யுங்கள். இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றி, வயிற்றுத் தசையை இறுக்கி மடங்கித் தள்ளும் அந்த அசைவை அகாடமியின் எந்தப் பயிற்சியும் தராது. விட்டுவிட்டால் முதலில் மங்குவதும் அதுதான். இன்னொன்று, விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் போல மெதுவான ரோலர் ஸ்கீ, நடுவே சில முறை 10 விநாடி ஸ்கீயிலேயே முழு வேகம். தோளில் சுமையோடு நெடுநடை போன வாரம் என்றால் இந்த நீளப் பயிற்சியை விட்டுவிடுங்கள். நெடுநடையே அந்த வாரத்து நீளப் பயிற்சிதான்.

காலை ஓட்டத்தில் வேகக் குழுக்கள் இருந்தால், முடிந்த அளவு பேசிக்கொண்டே ஓடக்கூடிய குழுவில் ஓட அனுமதி கேளுங்கள். தினமும் முதல் ஆளாக வரவேண்டியதில்லை. முந்துவதைத் தகுதித் தேர்வு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பயிற்சி முகாமில் இருந்த ஸ்வீடன் ஆண் பனிச்சறுக்கு வீரர்களை அளந்தபோது, ஒரு நாள் ஆற்றல் செலவு 7,000 கிலோகலோரியைத் தாண்டியது. கேடட்டுக்கு அந்த அளவு தேவைப்படாது. ஆனால் அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்து, அதற்கு மேல் சொந்தப் பயிற்சியும் செய்தால் பற்றாக்குறை சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். நார்வே ராணுவ அகாடமியில் உணவும் தூக்கமும் மிகக் குறைவாக இருக்கும் களப் பயிற்சிகளில் செய்த ஆய்வுகளில், சில நாட்களிலேயே கேடட்டுகளின் டெஸ்டோஸ்டிரோன் பெரிதும் சரிந்தது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த ஆற்றல் பற்றாக்குறையை ஆண், பெண் இருவருக்கும் வரக்கூடிய மருத்துவப் பிரச்சினையாக வரையறுத்தது. பெண் கேடட்டுகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ தெளிவான எச்சரிக்கை. ‘கடும் பயிற்சின்னா அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எலும்பு மெலிவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆண்களுக்கு அப்படி வெளிப்படையான அடையாளம் இல்லை. எடை இறங்குவது, அடிக்கடி சளி பிடிப்பது, எரிச்சல், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஏதாவது சாப்பிட, எப்போதும் பையில் வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மூச்சைப் பற்றியும் ஒன்று. வறண்ட குளிர்காற்றை ஆண்டுக்கணக்கில் வேகமாக இழுத்த பனிச்சறுக்கு வீரர்களிடம் மூச்சுக்குழல் சுருங்கும் பிரச்சினை அதிகம். காலைக் குளிரில் இருமலும் இழுப்பும் வந்தால் அதைச் சோர்வு என்று மூடி மறைக்காமல் பரிசோதியுங்கள். இன்ஹேலர் தேவைப்பட்டால், போட்டியில் கலந்துகொள்பவர் ஊக்கமருந்து விதிகளின் அளவு வரம்பையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், மேலதிகாரியிடம் பேசுவது. வலியைச் சொன்னால் பலவீனம் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் பல விரிசல்கள் முறிவாகின்றன. காயம் வந்த பிறகு போய் நிற்பதைவிட, பருவம் தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் உங்கள் வாரத் திட்டத்தை எழுதிக்கொண்டு போங்கள். எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு, எங்கே, டியூட்டி வந்தால் எதை விடுவீர்கள் என்பது அதில் இருக்கட்டும். எழுத்தில் தெளிவாகக் கேட்பவருக்கு ராணுவத்தில் பெரும்பாலும் பதில் கிடைக்கும். இல்லை என்று சொன்னாலும் அந்தப் பருவத்தை எப்படி நடத்துவது என்று தெரிந்துவிடும். உங்கள் பழைய பனிச்சறுக்குப் பயிற்சியாளருக்கும் அதே தாளை அனுப்புங்கள். அகாடமியில் நடப்பது தெரியாமல் தொலைவிலிருந்து அவர் போடும் அட்டவணையும் பல காயங்களுக்குக் காரணமாக இருக்கிறது.

பல நாள் களப் பயிற்சி முடித்து வந்த வாரத்தில் முக்கியப் பயிற்சி இரண்டையும் தள்ளிவையுங்கள். தூங்குங்கள், வயிறார சாப்பிடுங்கள், ஒவ்வொரு காலையும் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துவையுங்கள். அது வழக்கமான அளவுக்குத் திரும்பி, உடம்பும் லேசாகத் தோன்றிய பிறகு ரோலர் ஸ்கீயை எடுத்தால் போதும்.