மூன்றாவது அறை ஏன் கீழே இறங்கியது?

நிலாவெளியில் சின்னதாக கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அண்ணை ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, பிரவுசர் மாத்தினதும் வெப்சைட் உடைஞ்சு போச்சு. மூண்டாவது அறை கீழ விழுந்து கிடக்கு." திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்தால் சரிதான், ஒரே வரிசையில் நிற்க வேண்டிய மூன்று அறைப் படங்களில் கடைசியானது அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பழைய பதிப்பொன்றே கதி என்று இருந்தவர், 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரரின் காலமே முடிந்த பிறகு மைக்ரோசொஃப்டின் அடுத்த பிரவுசரான எட்ஜுக்கு மாறியிருக்கிறார்.

தச்சரிடம் கதவுநிலைக்கு மூன்றடி என்றால், உள்ளளவா வெளியளவா என்று கேட்பார். பிரவுசர் கேட்காது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ்; 1996இல் வந்த அதன் முதல் தரப்படி, படம் நிற்கும் பெட்டியின் அகலம் என்பது உள்ளளவு; உள் இடைவெளியும் ஓரக்கோடும் அதற்கு மேலதிகம். எக்ஸ்ப்ளோரர் 5 எல்லாம் சேர்ந்த வெளியளவாக எடுத்தது. 2001இல் எக்ஸ்ப்ளோரர் 6 தரத்தின் வழிக்கு வந்தாலும், பழைய பக்கங்கள் குலையக்கூடாதென்று, பக்கத்தின் தலையில் டொக்டைப் என்ற ஒரு வரி இல்லாவிட்டால் பழைய கணக்கையே போட்டது. அந்த வரியைப் போடாமல், எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்த்துவிட்டுச் சைட்டைக் கொடுத்த கெட்டிக்காரன் நான்தான்.

மூன்று பெட்டியையும் சுற்றி நிற்கும் சட்டம் 900 பிக்சல், பெட்டி ஒவ்வொன்றும் 300. பழைய எக்ஸ்ப்ளோரரில் அச்சாகப் பொருந்தும். எட்ஜ் 2020இலிருந்து பக்கத்தை வரையும் குரோமின் பிளிங்க் எஞ்சினில் ஓடுகிறது. அது இருபக்கமும் 10 இடைவெளி, 2 கோடு என்று மேலே கூட்டி பெட்டிக்கு 324 எடுக்கும். மூன்றுக்கு 972. இடம் எங்கே?

ஆக, பக்கம் அன்றைக்கு உடையவில்லை. குரோமிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் பார்த்த வெளிநாட்டுக்காரருக்கெல்லாம் இத்தனை வருஷமும் அது அப்படித்தான் தெரிந்திருக்கும், நேராகத் தெரிந்தது அண்ணைக்கு மட்டும். இதைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் பிளேன்டீ ஊற்றினார்.

இப்போது டொக்டைப் போட்டாலும் தீராது, தரம் கேட்பது உள்ளளவைத்தானே. 'போர்டர்-பொக்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தேன், வெளியளவாக எடு என்று சொல்கிற வரி. தோற்றுப்போன எக்ஸ்ப்ளோரர் கணக்கு பின்னாளில் தரத்துக்குள்ளேயே இப்படி நுழைந்துவிட்டது. இன்று புதுப் பக்கம் தொடங்கும் பலர் முதலில் எழுதுவதே அதைத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்ததற்கு அழகாக்குவோம் என்று பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் போட்டு, நடுவே 'கேப்' என்று இடைவெளியும் விட்டேன். அண்ணையின் மகள் தன் பழைய ஐபோனை நீட்டினாள்: படங்கள் மூன்றும் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தக் 'கேப்' ஃபயர்ஃபொக்ஸுக்கு 2018இலும் குரோமுக்கு 2020இலும் சஃபாரிக்கு 2021இலும் வந்தது, ஐபோனில் சஃபாரி போனின் இயங்குதளத்தோடுதான் புதுப்பிக்கப்படும், அவளுடைய போனுக்கோ இனி அப்டேட்டே கிடையாது. திரும்பக் குந்தி, பழையபடி பெட்டிக்கு வெளியே இடம் விடும் மார்ஜினே போட்டேன்.