கல்லீரல் ரத்த ஓட்ட ஆய்வு: படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) போன்ற நாள்பட்ட நோயில் ரத்தம் கல்லீரலுக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு உள்ளே நுழையாமல் சுற்றிப் போகிறது என்று அளக்க, டெக்னீசியம்-99எம் போன்ற கதிரியக்கத் தடயப்பொருளைச் செலுத்திக் காமா கேமராவில் பார்ப்பார்கள். ஸ்கேன் பெரும்பாலும் சுலபமாக முடிந்துவிடும். இழுபறியெல்லாம் சம்மதப் படிவம் என்ற காகிதத்தில்தான்.

முதலில், இது சிகிச்சைக்கா ஆய்வுக்கா என்று கேளுங்கள். "ரெண்டுக்கும்தான்" என்று மழுப்பினால் விடாதீர்கள். ஆய்வே நடக்காவிட்டாலும் டாக்டர் இந்த ஸ்கேனை எழுதியிருப்பாரா? இல்லையென்றால் அது ஆய்வுதான். 1964-இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தின்படி நீங்கள் மறுக்கலாம், நடுவிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையில் கை வைக்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

பெரிய ஓட்டை இங்கேதான்: கல்லீரல் நோயில் அம்மோனியா போன்றவை மூளையைத் தாக்கி நினைவு குழம்பும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் தேதி தெரியாமல் விழிப்பார். அந்த நிலையில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது. சட்டப்படி உரிமையுள்ள உறவினர் சம்மதிக்க வேண்டும்; தெளிந்த பிறகு நோயாளியிடமும் கேட்க வேண்டும். "அப்பவே போட்டுட்டாரே" என்பது பதில் அல்ல.

படிவத்தில் "மிகக் குறைந்த கதிர்வீச்சு" என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேளுங்கள். மெகாபெக்கரல் என்பது செலுத்தும் மருந்தின் கதிரியக்க அளவு. உடல் வாங்கும் அளவு மில்லிசீவர்ட்டில் வரும். 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டும் ஆய்வுக்கு மிக வலுவான காரணம் காட்ட வேண்டும் என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டல். கர்ப்பமோ தாய்ப்பாலோ இருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்டால் போர்ட்டல் ரத்த ஓட்டம் (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம்) கூடும் என்பதால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும்; சப்ளை தாமதமானால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். சிரோசிஸ் உள்ளவர் நெடுநேரம் பட்டினி கிடந்தால் தசை கரையும். காலை முதல் ஸ்லாட்டை எழுத்தில் வாங்குங்கள்.

ரத்தக்கசிவைத் தடுக்கத் தரும் புரோப்ரனலால் மாத்திரை போர்ட்டல் ஓட்டத்தைக் குறைக்கும் என்று யாராவது நிறுத்தச் சொன்னால், சிகிச்சை தரும் டாக்டர் எழுதித் தராமல் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்து ரத்தக்கசிவு வரலாம்.

ஸ்கேன் பிரிவு கல்லீரல் பிரிவைக் கைகாட்டும், அது ஆய்வாளரைக் கைகாட்டும். எனவே கையெழுத்திட்ட படிவத்தின் நகலை அன்றே வாங்குங்கள்; ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.