மஞ்சட்பொட்டு நீர்க்கோப்பு

கண்ணின் நடுப்படலம் அழன்று, அதன் விளைவாக விழித்திரையின் மையமான மஞ்சட்பொட்டில் நீர் சேரும் நிலையைக் "கண் வீக்கம்" என்று எழுதும் வழக்கம் நோயாளருக்கான கைந்நூல்களிலும் நாளிதழ்களின் சுகாதாரப் பக்கங்களிலும் ஊன்றிவிட்டது. மாக்குலர் எடிமா எனப்படும் இந்நிலைக்கு இதைவிடப் பொருந்தாத பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் மாக்குலா என்றால் பொட்டு அல்லது கறை. எடிமா, வீங்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. அழற்சிக்கு இடமான நடுப்படலத்தின், அதாவது யூவியாவின், பெயர் இலத்தீனில் முந்திரிகைப் பழத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. வெளியுறை உரித்த கண், காம்போடு கூடிய கரிய முந்திரிகைபோல் தோன்றியதே காரணம். (தமிழகத்து வாசகர் மரமுந்திரிகையை எண்ண வேண்டாம், யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்பது திராட்சை.)

எடிமாவின் வேர்ப்பொருள் வீக்கந்தானே என்பது "கண் வீக்கம்" என்பாரின் வாதம். வேர்ப்பொருள் சரி, வழக்குப்பொருள் என்னாவது? யாழ்ப்பாணத்தில் ஒருவர் "கண் வீங்கிப் போச்சு" என்றால் கேட்பவர் இமையைத்தான் பார்ப்பார். கண்கட்டியோ, பூச்சி கடித்ததோ, இரவு முழுதும் அழுததோ என்று விசாரிப்பார். மஞ்சட்பொட்டில் நீர் கோத்தவருக்கோ கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. படிக்கும் எழுத்தின் நடுப்பகுதி மங்கும், நேர்கோடு வளைந்து தோன்றும். சிவப்போ வலியோ இல்லாமலும் இருக்கலாம். "வீக்கம்" என்று படித்தவர், வீக்கமே இல்லையே என்று மருந்தை நிறுத்திவிட்டால் பிழை அவருடையதன்று.

மருந்துகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முன்கண் அழற்சிக்குத் தரும் பிரெட்னிசொலோன் சொட்டு மருந்து சிவப்பையும் வலியையும் ஆற்றுமே தவிர, கண்ணின் பின்புறத்தைப் போதிய அளவில் சென்றடையாது. ஆகவேதான் ட்ரையம்சினொலோன் என்னும் அழற்சி தணிக்கும் மருந்தைக் கண்ணைச் சூழவோ கண்ணுக்குள்ளோ ஊசியால் ஏற்றுகிறார்கள், அல்லது 0.7 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கொண்ட, தானே கரையும் சிறு மருந்துத் துண்டைக் கண்ணுள் வைக்கிறார்கள். கண்ணுக்குள் செலுத்துவதே நீரை நன்கு குறைக்கிறது என்று 2019இல் வெளிவந்த பொயின்ற் என்னும் ஒப்பீட்டாய்வு காட்டியது. இம்மருந்துகளால் கண்ணழுத்தம் உயரலாம், கண்புரை விரைந்து வளரலாம் என்பதால், நோய் மீண்டும் மீண்டும் வருவோருக்கு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான, வாரத்தில் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெதோட்றெக்சேற்றையோ, தொற்றில்லாத அழற்சிக்கென 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அடலிமுமாப்பையோ தருவதுண்டு. இத்தனையும் "கண் வீக்கத்துக்கு" என்று எழுதினால், ஒத்தடம் கொடுத்தால் போதாதா என்றுதான் வாசிப்பவர் கேட்பார்.

வீக்கத்தை விட்டவர்கள் பிடித்த மற்றச் சொற்களும் உதவவில்லை. "நீர்த்தேக்கம்" என்றால் இலங்கையில் அணைக்கட்டுத்தான் நினைவுக்கு வரும். "நீர்க்கோவை" நல்ல சொல்லே; ஆனால் சித்த மருத்துவம் அதைத் தலைநீரேற்றத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது, நெற்றியில் உரைத்துப் பூசும் மாத்திரைக்கும் அதுவே பெயர். கால் நீர் கோத்திருக்கிறது, முகம் நீர் கோத்திருக்கிறது என்று நாம் நாளும் சொல்வதால், அவ்வினையிலிருந்தே "நீர்க்கோப்பு" என்று ஆக்கலாம். அதற்கு முன் பள்ளி விஞ்ஞானத்தில் பழகிய "மஞ்சட்பொட்டு" நின்றால் இடமும் நிலையும் ஒருங்கே விளங்கும். மாக்குலர் எடிமா என்று ஒலிபெயர்த்து எழுதுவதையும் நான் முற்றாக வெறுக்கவில்லை. பொருள் தராத சொல், பிழையான பொருள் தரும் சொல்லைவிட மேலானது. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கிய மண்ணில், சொல் இல்லை என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாட்டு.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் அழற்சியைத் "தொற்று" என்றும் எழுதுகிறார்கள். அழல் என்னும் தீயிலிருந்து பிறந்த அழற்சி, கிருமியைச் சுட்டாத சொல். நடுப்பட அழற்சி பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே தன்னைத் தாக்குவதால் வருகிறது; சிலருக்குக் காசநோய், டொக்சோபிளாஸ்மா போன்ற தொற்றுகளால் வருகிறது. முன்னவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பார்வையைக் காக்கும். பின்னவருக்குக் கிருமிக்கான மருந்தின்றி அதையே கொடுத்தால் பார்வை பறிபோகலாம். மருத்துவர் முதலில் பிரித்தறிய முயலும் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிய கைந்நூலை நோயாளியின் கையில் கொடுக்காமலே விட்டிருக்கலாம்.