பெங்களூரில் இலவசப் பேருந்து: உங்கள் அட்டையில் எந்த ஊர் இருக்கிறது?

ஈஜிபுராவில் எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். தர்மபுரிக்காரர். பெங்களூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். போன மாதம் பேருந்தில் பக்கத்திலிருந்த பெண்களைப் போல அவரும் இலவச டிக்கெட்டுக்காக ஆதாரை நீட்டியிருக்கிறார். கண்டக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தமிழ்நாடு அட்ரெஸ் இதெ அம்மா, துட்டு கொடி" என்று கன்னடத்தில் காசு கேட்டுவிட்டார்.

கண்டக்டர் மேல் தப்பில்லை, விதி அப்படி. 2023 ஜூன் 11 அன்று கர்நாடக அரசு தொடங்கிய சக்தி என்ற இலவசப் பேருந்துத் திட்டம் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கும் திருநங்கையருக்கும் மட்டும். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், வாடகை எங்கே கட்டுகிறீர்கள் என்றெல்லாம் பேருந்தில் யாரும் கேட்கப் போவதில்லை. அரசு கொடுத்த புகைப்பட அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பான் கார்டில் முகவரியே கிடையாது, அதை நீட்டிப் பயனில்லை. கம்பெனி அடையாள அட்டையும் அப்படித்தான்.

நம் ஊர்ப் பழக்கம்தான் இங்கே ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் எந்த ஊர்ப் பெண் ஏறினாலும் காசு இல்லை, அட்டையும் கேட்பதில்லை. மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் கதை வேறு. ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கும் அத்தைக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பொறி பேருந்தின் எண்ணில் இருக்கிறது. இலவசம் ஏசி இல்லாத பேருந்துக்கு மட்டும். எண்ணுக்கு முன்னால் 'வி' இருந்தால் அது வஜ்ரா, ஏசி பேருந்து. 'கே.ஐ.ஏ.' என்றால் விமான நிலையப் பேருந்து. இரண்டிலும் காசு உண்டு. மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடி போகும் 335-இ இலவசம், அதே எண்ணுக்கு முன்னால் 'வி' வந்துவிட்டால் இலவசமில்லை. ஹெப்பாள், சில்க் போர்டு என்று வெளிவட்டச் சாலையில் ஓடும் 500 வரிசையிலும், பன்னேருகட்டா போகும் 365-லும் இதே கவனம் வேண்டும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வழி கொஞ்சம் மாறுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. பளபளப்பாக வரும் மின்சாரப் பேருந்தைக் கண்டு காசு கேட்பார்கள் என்று ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. ஏசி இல்லையென்றால் அதிலும் இலவசம்தான். ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள்.

சரி, முகவரியை மாற்றலாம் என்று கிளம்பினால் அலைச்சல் அங்கேதான் ஆரம்பம். நம் அக்கா போன ஆதார் மையத்தில் முதல் நாள் வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். அது கணவர் பெயரில் இருந்தது, செல்லாது. இரண்டாவது நாள் கரண்ட் பில் கொண்டுபோனார். அது வீட்டு உரிமையாளர் பெயரில். மூன்றாவது நாள், கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது, அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. இல்லாத கவுன்சிலரைத் தேடி இரண்டு நாள் கூலி போனது. எம்.எல்.ஏ. கையெழுத்தும் செல்லும், கெசட்டட் அதிகாரி கையெழுத்தும் செல்லும் என்று கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தக் கையெழுத்தை லெட்டர்பேடில் வாங்கி வராதீர்கள். ஆதார் ஆணையத்தின் படிவத்திலேயே, புகைப்படம் ஒட்டி, படத்தின் மேலும் படும்படி கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். வெள்ளை மை போட்டுத் திருத்தினால் நிராகரிப்பார்கள். தேதி போட்டு மூன்று மாதம்தான் செல்லும்.

இதைவிட எளிய வழி ஒன்று 2023 ஜனவரியிலிருந்து இருக்கிறது, மையங்களில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. வீட்டில் பதினெட்டு வயதைத் தாண்டிய ஒருவரின் ஆதாரில் பெங்களூர் முகவரி இருந்தால் போதும். கணவரோ, மகனோ, மகளோ, பெற்றோரோ, யாராக இருந்தாலும் சரி. அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி, ஆதார் இணையதளத்தில் நீங்களும் அதே முகவரிக்கு மாறலாம். உறவைக் காட்ட ரேஷன் கார்டோ திருமணச் சான்றோ வேண்டும். எதுவும் இல்லையென்றால் அவரே ஆணையத்தின் படிவத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அவர் முப்பது நாளுக்குள் உள்நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் மூடப்படும், கட்டிய பணமும் திரும்ப வராது. எனவே விண்ணப்பிக்கும் முன்னால் உங்கள் இருவரின் ஆதாரிலும் உள்ள மொபைல் எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ தூக்கிப்போட்ட சிம் எண்தான் பலருடைய ஆதாரில் இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கும் போடுங்கள். ஊரில் ரேஷன் கார்டு இருக்கிறதா? அதை வைத்து மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வருகிறதா? முகவரியை இங்கே கொண்டுவந்த பிறகு அங்கே சரிபார்ப்புக்கு வந்தால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் ஏறிய பிறகு சாதாரணப் பேருந்தின் மாதப் பாஸ் 1,200 ரூபாய் ஆகிவிட்டது. தினம் போய்வருகிறவர்களுக்கும் வாரம் ஒரு தடவை போகிறவர்களுக்கும் கணக்கு வேறு. ஆதாருக்குப் பதில் வாக்காளர் அட்டையில் முகவரியை மாற்றினாலும் போதும், அதற்கான படிவம் 8-க்குக் கட்டணம் கிடையாது. பழையதை வைத்துக்கொண்டு இங்கே புதிதாக இன்னொன்று வாங்கிவிடாதீர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம்.

அட்டை கிடைத்த பிறகும் ஒன்று கவனிக்க வேண்டும். இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்காரக் கூடாது. பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், செக்கிங்கில் அது கையில் இல்லையென்றால் அபராதம். நீங்கள் போகும் தூரத்துக்கான பணத்தை அரசுதான் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது, அதனால் இறங்கும் நிறுத்தத்தைச் சரியாகச் சொல்லுங்கள். இடையில் மனம் மாறி அதைத் தாண்டிப் போவதானால், தாண்டுவதற்கு முன்பே கண்டக்டரைக் கூப்பிட்டு வேறு டிக்கெட் வாங்கிவிடுங்கள்.