ஏர் சஸ்பென்ஷன் இறங்கினால் முதலில் கம்ப்ரஸரைக் கேட்காதீர்கள்

ஏர் சஸ்பென்ஷன் வண்டியைத் தாங்குவது காயில் ஸ்பிரிங் அல்ல, காற்றடைத்த ரப்பர் ஸ்பிரிங்குகள். அவற்றுக்குக் காற்று அடைப்பது கம்ப்ரஸர். சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பலரும் கம்ப்ரஸர் என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ஆடி க்யூ7, மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வண்டிகளில் கம்ப்ரஸர் செத்துப்போயிருப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அதைக் கொன்றது ஒரு சின்னக் கசிவு. போன காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடேறும், பிஸ்டன் வளையம் தேயும், ஒருநாள் நின்றுவிடும். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் "அண்ணா, இரண்டாவது கம்ப்ரஸரும் போய்விட்டது" என்று வந்தார். வேறொரு இடத்தில் பழையதைக் கழற்றிப் புதுசு மாட்டியிருந்தார்கள். கசிவை யாரும் தேடவே இல்லை.

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு அளவு டேப் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளங்கள். எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அங்கே கசிவு. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. டிஸ்கவரி போன்ற சில வண்டிகளில், நிறுத்திவைத்த பிறகும் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் தரையோடு கிடக்கும், எது குற்றவாளி என்றே தெரியாது. அதனால் இரவு சஸ்பென்ஷன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அளக்க வேண்டும். எந்த ஃபியூஸ் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மூலை தெரிந்துவிட்டதா, அடுத்தது சோப்புத் தண்ணீர். ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் கீழே மடிகிற இடத்தில்தான் முதலில் வெடிப்பு விடும். வண்டி தாழ்ந்து நிற்கும்போது அந்த மடிப்பு உள்ளே ஒளிந்திருக்கும், முழு உயரத்துக்கு ஏற்றினால்தான் கண்ணில் படும். தெளித்துவிட்டு அவசரப்படாமல் பாருங்கள். பெரிய ஓட்டை உடனே நுரைக்கும். நுண்ணிய வெடிப்பில் கடுகளவு குமிழி மெதுவாக எழும், உடையும், மறுபடி எழும். குழாய் வந்து சேரும் பித்தளை இணைப்பையும் விடாதீர்கள், கடல் காற்று அங்கே வேலை காட்டும்.

இதைச் செய்யும்போது ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்த ஸ்பிரிங்கில் ஆறு முதல் பத்து பார் வரை நிற்கும். சஸ்பென்ஷன் தானாக ஏறி இறங்காமல் நிறுத்திவைக்கும் ஜாக் மோடு இருந்தால் போட்டு, ஆக்சில் ஸ்டாண்டில் வண்டியை உட்காரவைக்காமல் தலையைக்கூட அடியில் நுழைக்காதீர்கள். ரப்பர் விட்டுக்கொடுத்தால் இரண்டரை டன் வண்டி சொல்லாமல் இறங்கும்.

டர்பன் புழுக்கம் இன்னொரு தொல்லை. கம்ப்ரஸரோடு இருக்கும் டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் உண்டு. கசிவால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்போது அவை ஈரத்தில் ஊறி, நாளடைவில் பொடியாகும். அந்த வெள்ளைப் பொடி, ஒவ்வொரு மூலைக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கில் போய் அடைத்தால் செலவு இன்னும் ஏறும். கம்ப்ரஸர் மாற்றியே ஆகவேண்டும் என்றால் டிரையரையும், கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகும். ரிலே விலை அதில் ஒரு துளி.

ஜூலைக் குளிர்காலத்தில் என்3 நெடுஞ்சாலை ஏறி ஜோஹன்னஸ்பர்க் போனவர்கள், "இங்கே நன்றாக நின்றது, அங்கே ஒரே இரவில் படுத்துவிட்டது" என்பார்கள். குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு வாய் திறக்கிறது, அவ்வளவுதான். வெடிப்பு இங்கேயே இருந்தது.

இரவெல்லாம் இறங்காமல் நின்று, ஓடும்போது மட்டும் ஒரு மூலை கோணலாகப் போனால், அந்த மூலையின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சாரைப் பாருங்கள். அதன் சின்னக் கம்பி துருப்பிடித்து முறிந்திருக்கலாம்.

சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வண்டி மிகப் பழசு என்றால் நான் தடுக்கமாட்டேன், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் காலையில், இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் இறங்கிய மூலையை ஏற்றி மறைத்துவிடும். நீங்கள் வருவதற்குள் விற்பவர் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், நாளை வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.