கடுக்காய் நீரும் கடல் இரும்பும்

செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு அரைக்கும் கொத்தனார்கள், கடுக்காயை உடைத்து ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பது பழைய வழக்கம். அந்த நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்று விழுந்து கிடந்தால், ஆணியைச் சுற்றிலும் கருமை படர்ந்து, சற்று நேரத்தில் நீர் முழுவதும் மைபோலக் கருநீலமாகிவிடும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் மூலக்கூறுகள் இரும்பு அயனியைப் பற்றிக்கொண்டதன் அடையாளமே அந்த நிறம். டானினிலுள்ள பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து அமைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள், தம் ஆக்சிஜன் அணுக்களால் இரும்பை இரண்டு இடங்களில் கவ்வுகின்றன. நண்டின் கொடுக்குப்போல இப்படிக் கவ்வும் பிணைப்பை வேதியியலார் கொடுக்கிணைப்பு என்கிறார்கள். கடலில் கரைந்துள்ள இரும்பில் மிகப் பெரும்பகுதி இத்தகைய கரிம மூலக்கூறுகளின் பிடியில்தான் நிற்கிறது.

நிலத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. புவியோட்டின் எடையில் சுமார் 5 விழுக்காடு இரும்பு. காரைக்குடி வட்டாரத்துச் செம்புறாங்கல்லின் சிவப்பும் இரும்பு ஆக்சைடு தந்ததே. ஆழ்கடற்பரப்பிலோ ஒரு லிட்டர் மேல்மட்ட நீரில் கரைந்துள்ள இரும்பு பெரும்பாலும் 1 நானோமோலுக்கும் குறைவு, அதாவது 56 நானோகிராமுக்கும் குறைவு. அந்தக் கணக்குப்படி ஒரு கிராம் இரும்பைத் திரட்ட ஏறத்தாழ 1.8 கோடி லிட்டர் கடல்நீராவது வேண்டும்.

இதற்குக் காரணம் ஆக்சிஜனும் கடல்நீரின் காரத்தன்மையும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஃபெரஸ் இரும்பு நீரில் எளிதில் கரையக்கூடியது. ஆனால் ஆக்சிஜன் நிறைந்த வெதுவெதுப்பான கடல்நீரில் அது சில நிமிடங்களிலேயே இன்னொரு எலக்ட்ரானையும் இழந்து ஃபெரிக் இரும்பாகிவிடுகிறது. பி.எச். மதிப்பு 8.1 அளவில் உள்ள கடல்நீரில் ஃபெரிக் அயனி ஹைட்ராக்சைடாக மாறி, நுண்துகள்களாகத் திரண்டு, மற்றத் துகள்களின்மீது ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். கரிமப் பொருளே இல்லாத உப்புநீரில் கரைந்து நிற்கக்கூடிய ஃபெரிக் இரும்பு, லிட்டருக்கு ஏறத்தாழ 0.01 நானோமோல்தான். ஆனால் ஆழ்கடலில் அளந்தால் 0.6 நானோமோலை ஒட்டிய அளவு கிடைக்கிறது. கரையக்கூடியதைப்போல் பல பத்து மடங்கு இரும்பு எப்படி மிதந்து நிற்கிறது என்ற புதிருக்கு, 1994, 1995 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அளவீடுகள் விடை தந்தன: கரைந்த ஃபெரிக் இரும்பில் 99 விழுக்காட்டுக்கும் மேல் கரிம ஈனிகளோடு, அதாவது உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் கரிம மூலக்கூறுகளோடு, இணைந்தே இருக்கிறது.

இவ்வளவு சொற்பமான பிணைப்பை அளந்த முறை மின்வேதியியலின் நுட்பங்களுள் ஒன்று. மாதிரி நீரில் இரும்பைப் பிடிக்கவல்ல சாலிசைலால்டாக்சிம் போன்ற ஒரு சேர்மத்தைத் தெரிந்த அளவில் கலந்து, கடலின் சொந்த ஈனிகளோடு போட்டியிட விடுகிறார்கள். இந்தச் சேர்மம் வென்றெடுத்த இரும்பு மட்டும் பாதரசத் துளி மின்வாயின் மேற்பரப்பில் படிகிறது. மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றும்போது எழும் மின்னோட்டம் அதன் அளவைச் சொல்லிவிடும். இரும்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், இயற்கை ஈனிகள் எந்த இடத்தில் நிரம்புகின்றன என்று பார்த்தால், அவற்றின் செறிவும் பிடியின் வலிமையும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஈனிகள் எவை என்பதை இம்முறை சொல்லாது. எவ்வளவு, எத்தனை உறுதி என்பதை மட்டுமே சொல்லும். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வளரக் காரணமான அறிவியல் துறை, கடலியலுக்கும் இப்படிக் கைகொடுத்திருக்கிறது.

கடலில் கரைந்துள்ள கரிமப் பொருளின் மொத்தக் கார்பன் 66,000 கோடி டன்னை ஒட்டியது. இருந்தும் மேல்மட்டத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை எட்டும் எட்டாத அளவுதான். அதிலும் இரும்பை உறுதியாகப் பற்றுவது மிகச் சிறிய பங்கு. வலுவானவை பாக்டீரியாக்கள் சுரக்கும் சிடெரோஃபோர்கள். இரும்பு அயனியைச் சுற்றி ஆறு பிணைப்பிடங்கள் உண்டு; ஃபெரியாக்சமீன் போன்ற ஒரு சிடெரோஃபோர் தன் மூன்று ஹைட்ராக்சமேட் தொகுதிகளால் ஆறையும் அடைத்துவிடுவதால், ஹைட்ராக்சைடு நெருங்க இடமே இருப்பதில்லை. ஹைட்ராக்சமேட்டுக்குப் பதிலாகக் கடுக்காயின் வளையத்தை ஒத்த கேட்டகால் தொகுதிகளைப் பயன்படுத்தும் சிடெரோஃபோர்களும் உண்டு. இவற்றுக்கு அடுத்து, தாவரங்கள் மட்கிய மண்ணிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் ஹியூமிக் பொருள்களும், நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களான மிதவை உயிரிகள் கசியவிடும் பல்சர்க்கரைகளும் சற்றுத் தளர்வாகப் பிடிக்கின்றன.

ஆற்று இரும்பெல்லாம் கடலுக்குப் போய்ச்சேர்வதில்லை. மழைக்காலத்தில் பாக் நீரிணையை நோக்கி ஓடும் செட்டிநாட்டு ஆறுகளானாலும் சரி, அமேசானானாலும் சரி, முகத்துவாரத்தில் உப்பு கலந்தவுடன், ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த ஹியூமிக் துகள்களின் மின்னூட்டம் மட்டுப்பட்டு, அவை இரும்போடு சேர்ந்தே திரண்டு படிந்துவிடுகின்றன. தப்பிச் செல்லும் சிறு பங்குதான் கரையோரக் கடலுக்குக் கிடைக்கும்.

ஈனிகளின் பிடியில் உள்ள இரும்பு, கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளான மிதவைத் தாவரங்களுக்கு எட்டாத பண்டமும் அல்ல. சூரிய ஒளி சில சிடெரோஃபோர்–இரும்புப் பிணைப்புகளை உடைத்து, கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பைச் சற்று நேரத்துக்கு விடுவிக்கிறது. சில உயிரிகள் தம் செல்லின் மேற்பரப்பிலேயே இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஒடுக்கி, அதைப் பறித்துக்கொள்கின்றன.

கடலில் இரும்பைத் தூவினால் மிதவைத் தாவரங்கள் பெருகிக் கார்பனை விழுங்கும் என்ற அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டினின் கருதுகோள் பலருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு கொட்டினாலும் பிடிக்க ஈனி இல்லையென்றால் இரும்பு அடியில்தான் போகும் என்பதே என் பார்வையில் இதில் முதன்மையான செய்தி. 1995-இல் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் நடந்த சோதனையில் ஒரே தடவையாகக் கொட்டாமல், ஒரு வார காலத்தில் மூன்று தவணையாகத் தூவினார்கள். அப்போது தூவிய இடத்து நீரில் ஈனிகளின் செறிவும் சில நாள்களுக்குள் பல மடங்கு உயர்ந்தது. அவற்றை இரும்போடு யாரும் கலக்கவில்லை, அந்நீரில் இருந்த உயிர்களே உண்டாக்கியிருக்க வேண்டும்.